நெறி என்று நினைத்த கட்டி

அப்பா ஐந்து நாளாக அதைக் கைலிக்குள் மறைத்து வைத்திருந்தார். ஆறாவது நாள் அம்மா போன் செய்து, "பாப்பா, உங்கப்பா நடை சரியில்ல, வலது காலை இழுத்து இழுத்து வைக்கிறாரு, கேட்டா ஒண்ணுமில்லங்கிறாரு" என்று சொன்னபோது நான் கோயம்புத்தூரில் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். அப்பாவுக்கு இதய அடைப்பை நீக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி முடிந்து அன்றைக்கு 9 நாள். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது, ஏனென்றால் கல்யாணத்துக்கு முன்னால் மதுரையில் 6 வருஷம், இந்த வேலை நடக்கிற கேத் லேபில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள் நான், தொடை இடுக்கில் ஊசி குத்தி இதயத்துக்குக் கம்பி விட்ட ஒருவர் 9ஆம் நாள் காலை இழுத்து நடந்தால் முதலில் எதை நினைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் ஊர் பாம்பன். அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், அந்த நாட்களில் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது, அதனால் எங்கள் பக்கம் கல்யாணம், வீட்டுக் கூரை மாற்றுவது, பல் பிடுங்குவது, ஆபரேஷன் எல்லாவற்றையும் அந்த 61 நாளுக்குள்தான் அடக்குவார்கள். அப்பாவுக்கு மாசி மாதத்திலிருந்தே வலை இழுக்கும்போது நெஞ்சு பிடித்தது. டாக்டர் அடைப்பு இருக்கிறது என்று சொன்ன பிறகும் "தடை வரட்டும், பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டார். தடை தொடங்கியதும் தம்பி மதுரைக்குக் கூட்டிப் போனான். பிள்ளைக்குப் பரீட்சை என்பதால் என்னால் போக முடியவில்லை, அது இப்போதும் எனக்கு உறுத்துகிறது.

மணிக்கட்டு வழியாகத்தான் ஆரம்பித்திருக்கிறார்கள். கை ரத்தக்குழாய் மேலே சுருண்டு வளைந்திருந்ததால் கம்பி ஏறவில்லை, அதனால் தொடை வழியாகப் போய், அடைத்த குழாயைத் திறந்து வைக்கிற சின்ன வலைக்குழாயான ஸ்டென்டை வைத்தார்கள். அதில் தப்பு எதுவும் இல்லை, இப்படி நடக்கிறதுதான். ஆனால் மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது கையில் கொடுத்த தாளில் மருந்துப் பெயர்கள் மட்டும் இருந்தன, முழுக்க ஆங்கிலம். தொடையைப் பாருங்கள், வீங்கினால் வாருங்கள் என்று ஒருவர்கூட வாயால் சொல்லவில்லை என்கிறான் தம்பி. அந்த மருத்துவமனையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. வார்டில் ஒரு நர்ஸுக்கு எத்தனை கட்டில் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு நிமிஷம்தான் ஆகும் அதைச் சொல்ல, ஒரே ஒரு நிமிஷம்.

அங்கிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறார்கள். மதுரையிலிருந்து பாம்பனுக்கு நாலு மணி நேரத்துக்குக் குறையாது, இடுப்பை மடக்கி உட்கார்ந்தபடி. மறுநாள் குளிக்கும்போது தொடை இடுக்கில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி இருப்பதை அப்பா பார்த்திருக்கிறார். சொல்லவில்லை. எட்டாம் நாள் எங்கள் பக்கத்து வீட்டு மாமாவின் படகைப் பலகை மாற்றக் கரையேற்றினார்கள், ஆள் பற்றவில்லை என்று அப்பாவும் கயிற்றைப் பிடித்திருக்கிறார். அன்று ராத்திரி கட்டி எலுமிச்சம்பழம் ஆகிவிட்டது.

வீடியோ காலில் காட்டச் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பொம்பளப் பிள்ளைகிட்ட அந்த எடத்தக் காட்டச் சொல்றியா" என்று அம்மாவிடம் கோபப்பட்டது எனக்குக் கேட்டது. ஆயிரக்கணக்கான ஆண்களின் தொடை இடுக்கில் என் இரண்டு கையையும் ஊன்றி நின்றவள் நான், வேலை என்று வந்துவிட்டால் அது ஒரு இடம், அங்கே ஒரு ரத்தக்குழாய், அவ்வளவுதான். ஆனால் அப்பாவுக்கு நான் நர்ஸ் இல்லை, மகள். அந்த வெட்கத்தை நான் குறையாகச் சொல்லவில்லை, எங்கள் ஊர் ஆண்கள் எல்லோருக்கும் அது உண்டு, பெண்களுக்கு இன்னும் அதிகம். இந்தப் பதிவை எழுதுவதற்கே அந்த வெட்கம்தான் காரணம். தோளிலோ முழங்காலிலோ இப்படி ஒரு கட்டி வந்திருந்தால் அப்பா அன்றைக்கே டீக்கடை முழுக்கக் காட்டியிருப்பார்.

அம்மாவிடம், "நீங்க பாருங்கம்மா, உள்ளங்கையை அது மேல லேசா வையுங்க, அமுக்காதீங்க, துடிக்குதா சொல்லுங்க" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அம்மா சொன்னார், "ஆமாடி, உயிரோட இருக்க மீனைத் துணில சுத்திப் பிடிச்ச மாதிரி இருக்கு."

அதற்குள் பக்கத்து வீட்டு மாமா வந்து பார்த்துவிட்டு, "இது நெறி கட்டியிருக்கு, கால்ல எங்கயாவது முள்ளு குத்தியிருக்கும், உப்பு ஒத்தடம் குடு, பழுத்தா கீறி விட்டுறலாம்" என்று சொல்லியிருக்கிறார். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். மீன் முள்ளும் சிப்பியும் குத்தி நெறி கட்டுவது எங்கள் கரையில் தினம் நடப்பது, தொடை இடுக்கில் கட்டி என்றால் எவருக்கும் முதலில் அதுதான் தோன்றும். ஆனால் "கீறி விட்டுறலாம்" என்பதைக் கேட்டதும் நான் போனிலேயே கத்திவிட்டேன். மதுரையில் வேலை பார்த்தபோது இப்படி ஒருவரைக் கொண்டுவந்தார்கள். ஆஞ்சியோகிராம் முடிந்து இரண்டு வாரம் கழித்து வந்த வீக்கத்தை யாரோ சீழ்க்கட்டி என்று நினைத்து பிளேடு வைத்திருக்கிறார்கள். உள்ளே இருந்தது சீழ் இல்லை, தமனி ரத்தம். அவருடைய அண்ணன் மகன் முஷ்டியை அந்த இடத்தில் வைத்து அமுக்கியபடியே 108 வண்டியில் வந்தான், ஆபரேஷன் தியேட்டர் வரைக்கும் கையை எடுக்கவில்லை. அவர் பிழைத்தது அந்தப் பையனின் கையால். ஒத்தடம், எண்ணெய் போட்டு நீவுவது, கீறுவது, இந்த மூன்றும் இந்தக் கட்டிக்குக் கூடவே கூடாது.

இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. தொடை முழுக்க நீலம் பாரித்திருப்பதைப் பார்த்த அம்மா, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த இரண்டு மாத்திரைகளையும் அன்று காலை நிறுத்திவிட்டிருந்தார். கேட்டால் நியாயமாகத்தான் தெரியும், மாத்திரையால்தானே ரத்தம் கசிகிறது. ஆனால் புதிதாக ஸ்டென்ட் வைத்தவர் அந்த மாத்திரைகளைத் தானாக நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம், அது பெரிய மாரடைப்பு. தொடையில் இருப்பதற்கு வழி இருக்கிறது, இதற்கு வழி பார்க்க நேரமே கிடைக்காமல் போகலாம். உடனே போடச் சொன்னேன். தொடையில் என்ன நடந்தாலும் அந்த மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் இதய டாக்டர் சொல்லித்தான் நடக்க வேண்டும்.

அன்று ராத்திரி ராமேஸ்வரம் பஸ்ஸைப் பிடித்தேன். தம்பியிடம் விடிந்ததும் அப்பாவைக் காரில் பின் சீட்டில் படுக்க வைத்து ராமநாதபுரத்துக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். பாம்பனிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல், பாலத்தைத் தாண்டி மண்டபம், உச்சிப்புளி வழியாக. நான் ராமநாதபுரத்திலேயே இறங்கிக் காத்திருந்தேன்.

சரி, அந்தக் கட்டி என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

தமனியின் சுவருக்கு மூன்று அடுக்கு. அந்தச் சுவரே வலுவிழந்து பலூன் மாதிரி உப்பினால் அது அனியூரிசம். சுவர் உப்பாமல், அதில் விழுந்த ஓட்டை வழியாக ரத்தம் வெளியே போய்ச் சுற்றியிருக்கும் சதைக்குள் ஒரு குழி பறித்துக்கொண்டு தேங்கினால் அது சூடோஅனியூரிசம், போலி அனியூரிசம். வார்டில் நாங்கள் 'சூடோ' என்றுதான் சொல்லுவோம். அதற்குச் சொந்தச் சுவர் கிடையாது, சதையும் உறைந்த ரத்தமும்தான் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. தமனிக்கும் அந்தக் குழிக்கும் நடுவில் கழுத்து மாதிரி ஒரு சின்ன வழி இருக்கும். இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் ரத்தம் அந்த வழியாக உள்ளே பாயும், இதயம் ஓய்ந்ததும் வெளியே திரும்பும். துடிப்பு அதனால்தான்.

தொடையில் ஊசி குத்தும் எல்லோருக்கும் இது வருவதில்லை. வெறும் ஆஞ்சியோகிராம் என்றால் மிகவும் அரிது, ஸ்டென்ட் வைப்பது போலப் பெரிய குழாய் விட்டு ரத்தம் உறையாமல் இருக்க மருந்தும் கொடுக்கும்போது கூடும். குண்டானவர்கள், பெண்கள், ரத்த அழுத்தம் அதிகம் உள்ளவர்கள், ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படிந்தவர்கள் கொஞ்சம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியமானது ஊசி எந்த உயரத்தில் குத்தியது என்பது. தொடையின் பெரிய தமனி இடுப்பு எலும்பின் பந்துக்கு நேர் மேலே ஓடுகிற ஒரு சின்ன இடம் இருக்கிறது. அங்கே குத்தினால், முடிந்ததும் தமனியை அந்த எலும்போடு சேர்த்து அமுக்கி ஓட்டையை மூடலாம். அதற்குக் கீழே போய்விட்டால் தமனி இரண்டாகப் பிரிந்துவிடும், பின்னால் எலும்பு இல்லை, வெறும் சதை. பலகையில் வைத்து அமுக்குவதற்கும் மெத்தையில் வைத்து அமுக்குவதற்கும் உள்ள வித்தியாசம் அது. ரொம்ப மேலே போய்விட்டால் ரத்தம் வயிற்றுக்குப் பின்னால் கசியும், வெளியே கட்டியே தெரியாது, அது இன்னும் ஆபத்து.

அமுக்குவதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஆறு வருஷம் செய்த வேலை. தோலில் தெரிகிற ஓட்டைக்கு மேல் அமுக்கக் கூடாது, ஊசி சாய்வாகப் போயிருக்கும், தமனியின் ஓட்டை ஒன்றிரண்டு விரல்கடை மேலே இருக்கும், அங்கே நாடியைத் தேடிப் பிடித்து அமுக்க வேண்டும். 15 நிமிஷம், 20 நிமிஷம், சிலருக்கு அதற்கும் மேல். நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது, எடுத்தால் அப்போதுதான் கட்டத் தொடங்கிய ரத்தத்திட்டு பிய்ந்துவிடும். முதல் மாதம் எனக்கு ராத்திரி சோற்றைப் பிசைய விரல் மடங்காது. எங்கள் சீனியர் அக்கா, "உன் உடம்பு எடையைக் கை வழியா இறக்கு, தோளால அமுக்காத" என்று சொல்லிக் கொடுத்தார். அப்புறம் நோயாளி ஆறு மணி நேரமாவது காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும், இருமும்போது தன் கையால் அந்த இடத்தைத் தாங்கிக்கொள்ள வேண்டும். மேலே மணல் மூட்டை வைத்துவிட்டால் போதும் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. அந்த மூட்டையால் அவர் காலை அசைக்காமல் இருப்பார், அவ்வளவுதான். கை செய்கிற வேலையை அது செய்யாது.

மணிக்கட்டு வழி இவ்வளவு பரவியதற்கும் இதுதான் காரணம். 1989இல் கனடாவில் லூசியன் காம்போ என்ற டாக்டர் மணிக்கட்டுத் தமனி வழியாக இதயத்தைப் படம் எடுக்கலாம் என்று எழுதினார், அடுத்த சில வருஷங்களில் அதன் வழியாக ஸ்டென்டும் வைக்கத் தொடங்கினார்கள். மணிக்கட்டில் தமனி தோலுக்கு அடியிலேயே இருக்கிறது, கீழே எலும்பு, கசிந்தால் கண்ணுக்குத் தெரியும், ஒரு பட்டையைக் கட்டி அடக்கிவிடலாம். கேட்டுப் பாருங்கள், உங்களுக்கு மணிக்கட்டு வழி முடியுமா என்று. முடியாது என்றால் முடியாது, அப்பாவுக்கு முடியவில்லை.

ராமநாதபுரத்தில், ரத்தம் ஓடுவதைக் காட்டுகிற டாப்ளர் ஸ்கேன் எடுத்த டாக்டர் திரையை அப்பா பக்கம் திருப்பிக் காட்டினார். உருண்டையாக ஒரு குழி, பாதி சிவப்பு பாதி நீலம், இரண்டும் ஒன்றையொன்று துரத்திச் சுழல்கின்றன. கட்டியின் கழுத்தில் கருவியை வைத்துச் சத்தத்தைக் கூட்டினால், உஸ்ஸென்று உள்ளே, உஸ்ஸென்று வெளியே. அப்பா ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னிடம், "பாலத்துக்கு அடியில நீவாடு திரும்புதுல்ல, அந்த மாதிரிதான் இருக்கு" என்றார். எத்தனையோ பேருக்கு எப்படியெப்படியோ விளக்கியிருக்கிறேன், எனக்கு இது தோன்றியதில்லை. நீவாடு என்றால் கடல் நீரோட்டம். பாம்பன் பாலத்தில் நின்று கீழே பார்த்தவர்களுக்குத் தெரியும், குறுகின வாய் வழியாகத் தண்ணீர் ஒரு நேரம் இந்தப் பக்கம் இழுக்கும், ஒரு நேரம் அந்தப் பக்கம்.

கட்டியின் அளவு 3.6 சென்டிமீட்டர், கழுத்து குறுகல், கொஞ்சம் நீளம். ஓட்டை தமனி பிரிந்த பிறகு இருந்தது, நான் பயந்தபடி ஊசி கீழே போயிருந்தது. கால் பாதத்தில் நாடி நன்றாக இருந்தது, காய்ச்சல் இல்லை, தோல் நிறம் சரி.

2 சென்டிமீட்டருக்கும் குறைவான கட்டி என்றால், வலி இல்லை, பெரிதாகவில்லை என்றால், சும்மா விட்டு வாரா வாரம் டாப்ளரில் பார்ப்பார்கள். நிறையப் பேருக்கு அது தானாகவே உறைந்து மூடிவிடும். அப்பாவுடையது அந்த அளவைத் தாண்டிவிட்டது, வளர்கிறது, அந்த இரண்டு மாத்திரையும் ஓடுகிறது, காத்திருந்து பயனில்லை. அன்றே மதுரைக்குப் போனோம், வேறு ஒரு மருத்துவமனைக்கு.

தம்பியின் முதல் கேள்வி, "திரும்பக் கிழிப்பாங்களா அக்கா?" ஒரு காலத்தில் இதற்கு ஆபரேஷன் ஒன்றுதான் வழி. 1991இல் ஃபெல்மெத் என்ற டாக்டரும் அவருடன் இருந்தவர்களும் ஸ்கேன் கருவியாலேயே கழுத்தை அமுக்கி மூடும் முறையை எழுதினார்கள். திரையைப் பார்த்துக்கொண்டே, கழுத்தில் ரத்தம் போவது நிற்கிற அளவுக்கு, ஆனால் பெரிய தமனியில் ஓட்டம் நிற்காமல், 10 நிமிஷம் அமுக்கி, விட்டுப் பார்த்து, மறுபடி 10 நிமிஷம். நான் இதற்குக் கூட நின்றிருக்கிறேன். ஒரு மணி நேரம்கூட ஆகும், அமுக்குகிறவர் கை மரத்துப்போகும், படுத்திருப்பவருக்கு வலி தாங்காது, வலிக்கு ஊசி போட்டுத்தான் செய்வோம். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களுக்குப் பாதி நேரம் பலிக்காது, மூடியதும் மறுநாள் திறந்துகொள்ளும். அப்பாவைப் போன்றவர்களுக்கு இது ஒத்துவராது.

இப்போது பெரும்பாலும் முதலில் நினைப்பது திராம்பின் ஊசி. திராம்பின் என்பது நம் ரத்தத்திலேயே உண்டாகிற பொருள், ரத்தத்தில் கரைந்திருக்கிற ஒரு புரதத்தை நாராக மாற்றி உறையவைப்பது அதன் வேலை. பாலில் உறை மோர் ஊற்றினால் ராத்திரி முழுக்க ஆகும், இது சில விநாடிகளில் செய்துவிடும். 1986இல் அமெரிக்காவில் கோப், சைட் என்ற இரண்டு டாக்டர்கள் இதை ஊசி வழியாகக் கட்டிக்குள் செலுத்தலாம் என்று முதலில் எழுதினார்கள், ஆனால் பரவலாகப் பிடித்துக்கொண்டது அதற்கு 10 வருஷம் கழித்துத்தான். காயத்தின் மேல் தெளித்து ரத்தத்தை நிறுத்த என்று வந்த மருந்து இது, நேராக ரத்த ஓட்டத்தில் கலக்கவே கூடாது. கட்டிக்குள் போட வேண்டியது தமனிக்குள் போய்விட்டால் கீழே கால் முழுக்க ரத்தம் உறைந்து அடைக்கும். அப்படி நடப்பது அபூர்வம், ஆனால் நடந்தால் கால் போகலாம். அதனால்தான் கழுத்து அகலமாக இருந்தால் யோசிக்கிறார்கள். மாட்டு ரத்தத்திலிருந்து எடுக்கும் வகை திராம்பின் சிலருக்கு ஒவ்வாமை தரும், முன்பு எப்போதாவது போட்டிருக்கிறதா என்று கேட்பார்கள்.

எனக்கு உள்ளே நிற்க அனுமதி கிடைத்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டார், அந்த வெட்கம் எப்போது போனது என்று தெரியவில்லை. டாக்டர் முதலில் பாத நாடியைத் தொட்டுப் பேனாவால் அந்த இடத்தில் குறி போட்டார். தோலை மரக்கவைத்து, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியைக் குழியின் நடுவுக்கு, கழுத்திலிருந்து தள்ளி, கொண்டு நிறுத்தினார். ஊசி நுனி வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது. பிறகு மருந்தைச் சொட்டுச் சொட்டாகத் தள்ளினார், மொத்தமே அரை மில்லிகூட இருக்காது. திரையில் அந்தச் சிவப்பும் நீலமும் சுழல்வது மந்தமானது, ஓரத்திலிருந்து சாம்பல் நிறம் ஏறியது, நின்றுவிட்டது. உஸ்ஸென்ற சத்தம் அறுந்தது. நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன், பத்துகூட வரவில்லை. டாக்டர் திரும்பப் பாத நாடியைத் தொட்டார், இருக்கிறது என்று தலையசைத்தார். அப்போதுதான் நான் மூச்சுவிட்டேன்.

"முடிஞ்சிருச்சா?" என்றார் அப்பா. முடிந்துவிட்டது. சில மணி நேரம் நேராகப் படுத்திருந்தார், மறுநாள் காலை ஸ்கேனில் திரும்பப் பார்த்தார்கள், மூடியே இருந்தது. இந்த ஊசிக்காக மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தவில்லை.

ஆனால் எல்லோருக்கும் ஊசி போதும் என்று எழுதிவிட்டுப் போனால் நான் பொய் சொல்கிறேன். என் பெரியம்மா தேவிபட்டினத்தில் இருக்கிறார், கொஞ்சம் கனத்த உடம்பு, பல வருஷமாகச் சர்க்கரை. சில வருஷங்களுக்கு முன்னால் அவருக்கும் தொடை வழியாக ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். அடிவயிற்று மடிப்புக்குக் கீழே வந்த கட்டி அவருக்கே தெரியவில்லை, பிள்ளைகளிடம் காட்டவும் இல்லை. மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலோடு வந்தார். கட்டி தேங்காய் மூடி அளவு, மேல் தோல் மெல்லிதாகிப் பளபளத்து ஒரு இடத்தில் கறுத்திருந்தது, பக்கத்து நரம்பு அமுங்கித் தொடையின் முன்பக்கம் மரத்துப்போயிருந்தது. கிருமி தொற்றிய கட்டிக்கு ஊசி போட முடியாது, உறைய வைத்தால் அந்த உறைந்த ரத்தமே கிருமிக்குச் சோறு. தோல் அழுகத் தொடங்கினாலும், கட்டி மணிக்கு மணி பெரிதானாலும், காலுக்கு ரத்தம் போகாவிட்டாலும், நரம்போ சிரையோ நசுங்கினாலும், ஊசி போட்டும் மூடாவிட்டாலும், ஆபரேஷன்தான்.

அன்றைய சர்ஜன் எங்களை உட்காரவைத்து வரைந்து காட்டினார். கட்டியை நேராகத் திறக்க மாட்டார்கள், திறந்தால் ரத்தம் பீறிட்டு ஒன்றும் தெரியாது. முதலில் கட்டிக்கு மேலே, தேவைப்பட்டால் அடிவயிற்றுக்குள் போய், நல்ல தமனியைக் கண்டுபிடித்து நாடா சுற்றிப் பிடித்துக்கொள்வார்கள், அப்புறம் கீழேயும் ஒரு பிடி. இரண்டு பக்கமும் பிடி கிடைத்த பிறகுதான் கட்டியைத் திறந்து உறைந்த ரத்தத்தை அள்ளி எடுத்து, ஓட்டையில் விரலை வைத்து, நீல நிறத்தில் மெல்லிய புரோலீன் நூலால் தைப்பார்கள். சுத்தமான ஓட்டை என்றால் இரண்டு மூன்று தையல் போதும். பெரியம்மாவுக்குச் சுவரே நைந்திருந்தது, அதை வெட்டியெடுத்துவிட்டு அடுத்த காலிலிருந்து எடுத்த சிரைத் துண்டை ஒட்டாக வைத்தார்கள், கிருமி இருக்கும் இடத்தில் செயற்கைத் துணி வைக்கக் கூடாது என்பதால். ஆபரேஷன் நன்றாக முடிந்தது, காயம் ஆறத்தான் ஒன்றரை மாதம். தொடை இடுக்கு வியர்க்கிற இடம், மடிகிற இடம், நிணநீர்க் குழாய்கள் நிறைந்த இடம், வெட்டினால் தண்ணீர் மாதிரி கசிந்துகொண்டே இருக்கும். தினம் கட்டு மாற்றி, சர்க்கரைக்கு இன்சுலின் போட்டு, அக்காமார் மூன்று பேரும் முறை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். இன்றைக்குப் பெரியம்மா நன்றாக நடக்கிறார். ஒரு வாரம் முன்னால் காட்டியிருந்தால் ஊசியோடு போயிருக்குமோ என்று எனக்கு இன்னும் தோன்றும்.

உள்ளிருந்தே உறை போட்ட ஸ்டென்டை வைத்து ஓட்டையை மூடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். சில இடங்களுக்கு அது நல்ல வழி. தொடை இடுக்கு ஒவ்வொரு முறை உட்காரும்போதும் மடங்குகிற இடம், அங்கே வைத்த ஸ்டென்ட் நசுங்கவோ உடையவோ செய்யலாம், அதனால் சர்ஜன்கள் அங்கே அதை அதிகம் விரும்புவதில்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்து வலை பின்னுகிறவர்களுக்கு யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

தொடை வழியாக ஊசி போட்டு வந்தவர் வீட்டில் இருந்தால், பயப்பட வேண்டாத ஒன்றையும் சொல்கிறேன். நீலம் பாரிப்பது சாதாரணம். அது தொடை வழியாகக் கீழே இறங்கி, பச்சையாகி, மஞ்சளாகி, இரண்டு மூன்று வாரத்தில் போய்விடும். கோலிக்குண்டு அளவில் கெட்டியாக, துடிக்காமல், பெரிதாகாமல் ஒரு முடிச்சும் இருக்கலாம். ஆனால் கட்டி துடித்தால், நேற்றைவிட இன்று பெரிதாக இருந்தால், வலி கூடினால், கால் மரத்தாலோ சில்லிட்டாலோ, அன்றைக்கே டாப்ளர். துடிப்பு தெரியாவிட்டாலும் சந்தேகம் இருந்தால் டாப்ளர் பார்த்துவிடுங்கள், பெரியம்மாவுக்கு இருந்தது போலச் சதைக்கு அடியில் மறைந்திருக்கலாம். திடீரென்று ரத்தம் பீறிட்டால் படுக்கவைத்து, ஓட்டைக்குக் கொஞ்சம் மேலே முஷ்டியை ஊன்றி, 108க்குச் சொல்லிவிட்டு, அவர்கள் வந்து கையை மாற்றும்வரை எடுக்காதீர்கள். துணியைச் சுற்றிக் கட்டிவிட்டு விட்டுவிடுவது போதாது.

அப்பாவிடம் ஒரு மாதத்துக்குக் கனம் தூக்கக் கூடாது, கயிறு இழுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கேட்டார். தடை முடிந்து படகுகள் போனபோது தம்பி போனான், அப்பா கரையில் நின்று ஐஸ் பெட்டிக் கணக்கு எழுதினார்.

போன வாரம் மத்தியானம் அப்பாவிடமிருந்து போன். பக்கத்தில் யாரோ முனகுகிற சத்தம். "பாப்பா, நம்ம அக்காமடத்து மச்சான் ஒருத்தரு, மதுரைல போய் தொடையில ஊசி போட்டு வந்து ஆறு நாளாச்சு. வலைக் கொட்டகைக்குள்ள கூட்டிட்டுப் போய் நானே கையை வச்சுப் பாத்தேன். பச்சையாத்தான் இருக்கு, துடிக்கிற மாதிரி தெரியல. ஆனா இடது காலவிட இது கொஞ்சம் வீங்கினாப்புல இருக்கு. ராமநாதபுரம் அனுப்பவா?"

"மாத்திரைய நிறுத்திருக்காரா, கேளுங்கப்பா" என்றேன்.

கேட்டார். நிறுத்தவில்லையாம்.

"அப்பச் சரி, இன்னைக்கே அனுப்புங்க. சீட்டுல படுத்த மாதிரி போகச் சொல்லுங்க."